கோயில் குளமும் ‘தாங்கே’யும்: பல பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான ஸ்பானிஷ் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கும்பகோணத்தில் ஒரு தங்கும் விடுதிக்காக ஒரு பக்க வழிகாட்டித் தாள் எழுதிக் கொடுத்தேன். ஸ்பானிஷில் நான் செய்த முதல் வேலை அது. எந்தக் கோயிலுக்கு எப்படிப் போவது, மதியம் நடை சாத்தும் நேரம், செருப்பை எங்கே விடுவது, அவ்வளவுதான். ஆங்கிலத் தாளில் மகாமகக் குளத்தை ‘டெம்பிள் டாங்க்’ என்று போட்டிருந்தார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ‘தாங்கே’ என்ற சொல்லை எடுத்து எழுதிவிட்டேன். மறுவாரம் ஸ்பெயினிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி, ஊருக்குள் ராணுவ நினைவிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். தாளைக் காட்டியபோதுதான் புரிந்தது. நானே அவர்களைக் குளத்துக்கு அழைத்துப் போனேன். படிக்கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்ததும் அந்த அம்மா, “ஆ, எல் எஸ்தாங்கே!” என்றார்.

எனக்கு வேண்டியிருந்த சொல் அதுதான், எஸ்தாங்கே. தாங்கே என்றால் ஸ்பெயின்காரர் மனதில் முதலில் வருவது பீரங்கி வண்டி. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குத் தாவுவதில்லை. நடுவில் தமிழில் ஒரு தடவை இறங்கி, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஸ்பானிஷ் கற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதுகிறவர்களுக்கும் இந்த வழி உதவும் என்று நம்புகிறேன்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டி. நான் ‘ஸ’, ‘ச’ என்று எழுதும் சில இடங்களில் ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள்.

முதல் படி: தமிழில் சொல்லிப் பாருங்கள்

அந்த ‘டாங்க்’கையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் ஆங்கிலத்தில் அது கோயில் குளம், பாசன ஏரி, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க், மீன் தொட்டி, பீரங்கி வண்டி எல்லாவற்றுக்கும் பொது. தமிழில் சொன்ன உடனே இவை தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. பிரிந்தபின் ஸ்பானிஷ் சொல் தேடுவது எளிது. குளத்துக்கு எஸ்தாங்கே. வீராணம் மாதிரிப் பெரிய ஏரிக்கு எஸ்தாங்கே போதாது, எம்பால்சே என்று சொல்ல வேண்டும், அதாவது நீர்த்தேக்கம். மாடித் தொட்டிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் ஸ்பெயினில் தெபோசிதோ, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் தாங்கே. மீன் தொட்டி பெசேரா. பீரங்கி வண்டி மட்டும் எந்த நாட்டிலும் தாங்கேதான்.

‘பாங்க்’ என்ற சொல்லும் அப்படியே. நமக்கு வங்கி வேறு, கரை வேறு. வங்கிக்கு பாங்கோ, ஆற்றங்கரைக்கு ஒரியா. இதில் கவனிக்க வேண்டியது, பாங்கோ என்றால் ஸ்பானிஷில் உட்காரும் பெஞ்சும்தான். “காவிரிக் கரையில் உட்கார்ந்திருந்தோம்” என்பதைத் தவறாக மாற்றினால், படிப்பவர் ஆற்றையே பார்க்கமாட்டார். பூங்காவில் ஒரு பெஞ்சைப் பார்ப்பார். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும் என்பதால் பிழை யார் கண்ணிலும் படாது. பல பொருள் சொற்களில் உள்ள ஆபத்தே இதுதான்.

‘டைம்’ என்பதற்கு ஸ்பானிஷில் நான்கு சொல் என்று பயமுறுத்துவார்கள். நமக்கும் நான்கு இருக்கிறது, கிட்டத்தட்ட நேருக்கு நேர் பொருந்துகிறது. மணி என்றால் ஓரா, நேரம் என்றால் தியெம்போ, தடவை என்றால் பெஸ், சோழர் காலம் என்கிறபோது வரும் காலம் எபோகா. ‘ஆர்டர்’ கூட அப்படித்தான்: வரிசை, ஒழுங்கு என்றால் எல் ஓர்தென்; உத்தரவு என்றால் லா ஓர்தென்; கடையில் கொடுக்கும் ஆர்டர் என்றால் பெதீதோ. முதல் இரண்டும் ஒரே எழுத்து, பால் மட்டும் மாறுகிறது: எல் ஆண்பால், லா பெண்பால். அதனால் சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது முன்னால் எல், லா சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் சோழர்களின் தலைநகரம் என்றால் லா கபிதால். எல் கபிதால் என்று எழுதினால் அது வியாபாரத்தில் போடும் முதல்.

திருவாரூர் ஆழித்தேரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதும்போது ‘டெம்பிள் கார்’ என்ற தொடர் வந்தது. பழைய ஆங்கிலத்தில் தேரைக் ‘கார்’ என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. மொழிபெயர்ப்புச் செயலி அதை கொச்சே என்று போட்டது, அதாவது மோட்டார் கார். தேர் என்று ஒரு தடவை நமக்குள் சொல்லிக்கொண்டால் கொச்சே பக்கமே போகமாட்டோம். கர்ரோசா என்ற சொல் இருக்கிறது, ஊர்வலத்தில் இழுத்துப் போகும் அலங்கார வண்டி. அதுவே பொருத்தம்.

இரண்டாம் படி: பொருளை நேரில் போய்ப் பாருங்கள்

தமிழே ஒரே சொல்லால் பேசும் இடங்களும் உண்டு. அங்கே மொழியறிவு மட்டும் போதாது, பொருளைத் தெரிந்திருக்க வேண்டும். மேட்டூரும் அணை, கல்லணையும் அணை. ஆனால் டெல்டாவில் பிறந்த எவருக்கும் தெரியும், மேட்டூர் தண்ணீரைத் தேக்குகிறது, கல்லணை பிரித்து அனுப்புகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகத் தண்ணீர் பிரிவது அங்கேதான். ஸ்பானிஷ் இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைச் சுவர் பிரேசா. அதன் பின்னால் நிற்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எம்பால்சே. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டி, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும் கட்டுமானத்துக்கு அசூத் என்று பெயர், அரபியிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்த சொல். கரிகாலன் பெயரோடு நாம் சொல்லும் கல்லணைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சொல் கிடையாது. மெக்சிகோவிலிருந்து வருகிறவருக்கு எழுதினால் மட்டும் பிரேசா தெரிவதோரா என்று விரித்து எழுதுவேன், திருப்பிவிடும் அணை.

வாய்க்காலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆங்கிலத்தில் ‘சானல்’ என்றால் டிவி சானல், கடலுக்கு நடுவே உள்ள நீரிணை, ஆற்றின் போக்கு, வயல் வாய்க்கால் எல்லாம் அடங்கும். அகராதியில் முதலில் வருவது கனால். டிவிக்கும் பெரிய கால்வாய்க்கும் அது சரி. ஆறு ஓடும் படுகைக்குக் கௌசே. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்கோ அசேக்கியா, இதுவும் அரபியிலிருந்து வந்ததுதான். வெறும் அகராதிச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் அசேக்கியா விவசாயிகளுக்கென்றே ஒரு தண்ணீர் நீதிமன்றம் இருக்கிறது. பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் வியாழக்கிழமைகளில் நண்பகலில் கூடும். விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்து, வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. வாய்க்கால் முறைக்காக மடையில் இரவெல்லாம் காத்துக் கிடந்த குடும்பத்திலிருந்து வந்தவன் நான். அசேக்கியா என்று எழுதினால், அதைப் படிக்கும் வலென்சியாக்காரருக்கு நம் வயல் அவர் வயலைப் போலவே கண்முன் வரும். கனால் என்று எழுதியிருந்தால் அது வராது.

அதே பாசனப் பேச்சில் ‘கடைமடை’ வரும். ஆங்கிலத்தில் ‘டெயில் எண்ட்’ என்பார்கள். வாலுக்குக் கோலா என்று ஸ்பானிஷ் சொல் இருக்கிறது. ஆனால் கோலா என்பது வரிசையும்கூட, பசையும்கூட. அதனால் நான் சுற்றி வளைக்காமல் “லாஸ் தியெர்ராஸ் அல் ஃபினால் தெல் கனால்” என்று எழுதினேன், கால்வாய் முடியும் இடத்து நிலங்கள் என்று. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற கட்டாயம் யாரும் நமக்குப் போடவில்லை.

தமிழ் கைவிடும் இடங்கள்

இது தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் தமிழை நம்பிப் போய்த் தடுக்கி விழுவது இங்கேதான். மீன் என்று நாம் ஆற்றில் துள்ளுவதையும் சொல்கிறோம், குழம்பில் கிடப்பதையும் சொல்கிறோம். ஸ்பானிஷில் நீந்துவது பெஸ், பிடித்துச் சமைப்பது பெஸ்காதோ. முன்னால் ‘தடவை’க்குச் சொன்ன பெஸ்ஸும் இதுவும் தமிழ் எழுத்தில்தான் ஒன்று, ஸ்பானிஷில் ஒலியும் வேறு, எழுத்தும் வேறு. கைப்பிடியும் அப்படியே. தூக்குவாளியின் பிடி ஆசா, அரிவாளின் பிடி மாங்கோ.

‘தெரியும்’ இன்னும் முக்கியம். ‘எனக்கு நீந்தத் தெரியும்’, ‘எனக்கு அவரைத் தெரியும்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே வினை. ஸ்பானிஷில் தகவலையும் திறமையையும் அறிந்திருப்பது சபேர், ஆளையும் ஊரையும் பழகி அறிந்திருப்பது கொனொசேர். நான் வைத்திருக்கும் சோதனை: அந்த இடத்தில் ‘பழக்கம்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்ப்பேன். ‘அவர் எனக்குப் பழக்கம்’, ‘மாயவரம் எனக்குப் பழக்கம்’ என்று பொருந்தினால் கொனொசேர். ‘ரயில் எத்தனை மணிக்கு என்று பழக்கம்’ என்று யாரும் சொல்லமாட்டோம், ஆகவே சபேர்.

செர், எஸ்தார் என்ற இரண்டு ‘இருத்தல்’ வினைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இதில் தவிப்பார்கள். தமிழருக்கு ஒரு பிடி இருக்கிறது. நாம் வினையே இல்லாமல் சொல்லும் வாக்கியங்களில் பெரும்பாலும் செர் வரும்: ‘அவர் டாக்டர்’, ‘இது வெண்கலம்’, ‘அவள் நல்லவள்’. ‘இரு’ போட்டுச் சொல்பவற்றில் பெரும்பாலும் எஸ்தார்: ‘காப்பி சூடாக இருக்கிறது’, ‘அவர் வீட்டில் இருக்கிறார்’. இதில் ஓர் அழகான இடம் உண்டு. ‘கோயில் கும்பகோணத்தில் இருக்கிறது’ என்போம், எஸ்தார். ‘கல்யாணம் கோயிலில்’ என்று வினையில்லாமல் சொல்வோம். ஸ்பானிஷிலும் நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குச் செர்தான். ஆனால் இது கைத்தாங்கல், சட்டம் அல்ல. ‘வீடு பெரிதாக இருக்கிறது’ என்று நாம் சொல்வதற்கு ஸ்பானிஷில் செர்தான் வரும். ‘இங்கே ஒரு குளம் இருக்கிறது’ என்று புதிதாக ஒன்றைச் சொல்லும்போது இரண்டும் கிடையாது, ஆய் என்ற மூன்றாவது சொல்.

தமிழ் ஸ்பானிஷைவிட நுணுக்கமாக இருக்கும் இடத்திலும் சிக்கல்தான். நெல், அரிசி, சோறு மூன்றும் அங்கே அர்ரோஸ். ஒரே பத்தியில் மூன்றும் வந்தால் அடைமொழி சேர்க்காமல் நகர முடியாது: நெல்லுக்கு உமியோடு கூடிய அர்ரோஸ் என்ற பொருளில் அர்ரோஸ் கோன் காஸ்கரா, சோற்றுக்கு வெந்த அர்ரோஸ் என்று அர்ரோஸ் கொசீதோ. நெல் வயலுக்கு மட்டும் அர்ரோசால் என்ற தனிச்சொல் இருக்கிறது. ஸ்பெயினிலும் எப்ரோ ஆற்றின் டெல்டாவில் நெல் விளைகிறது, அதனால் இந்தச் சொல் அங்கே அன்றாடப் பேச்சு.

மூன்றாம் படி: அகராதியை முழுதாகப் படியுங்கள்

இப்போதுதான் அகராதி. முதல் சொல்லை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எந்தத் துறை, எந்த நாடு, பேச்சுவழக்கா எழுத்துவழக்கா, பெயரா வினையா என்று சுருக்கக் குறி இருக்கும். அதுதான் உண்மையான தகவல். ‘டெம்பிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தெம்ப்ளோ என்றும் சியென் என்றும் இரண்டு வரும். இரண்டாவது நெற்றிப்பொட்டு, உடலியல் என்று குறி போட்டிருக்கும். இன்னொன்று, ஆங்கில எழுத்துகளையே அப்படியே ஸ்பானிஷில் எழுதினால் தெம்ப்ளே என்று படிப்பார்கள். அது எஃகைப் பதப்படுத்துவதையும் மனிதரின் மனத்திடத்தையும் குறிக்கும் வேறு சொல். எழுத்துப்பிழை திருத்தி அதைச் சரியென்று விட்டுவிடும்.

கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை அடுத்து ஸ்பானிஷ்–ஸ்பானிஷ் அகராதியில் தேடுங்கள். ஸ்பெயினின் அரச மொழிக்கழகமான ரெயால் அகதேமியா எஸ்பஞோலாவின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விளக்கம் புரியும் அளவுக்கு மொழி வரவில்லை என்றால் சொல்லைப் படத் தேடலில் போடுங்கள். எஸ்தாங்கே என்று போட்டால் தண்ணீர் வரும், தாங்கே என்று போட்டால் இரும்பு வரும். அன்று இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் அந்தத் தம்பதிக்கு அலைச்சல் இருந்திருக்காது.

செயலிகளை நான் ஒதுக்குவதில்லை. தனிச்சொல்லாக மட்டும் கொடுக்காதீர்கள். முழு வாக்கியமாகக் கொடுங்கள். அதோடு, அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். இரண்டு ஸ்பானிஷ் வாக்கியங்களும் எந்தச் சொல்லில் மாறுகின்றனவோ, அங்கே நின்று நிதானமாகத் தேட வேண்டும்.

நான்காம் படி: யாருக்காக எழுதுகிறீர்கள்?

ஸ்பானிஷ் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. வாழைப்பழத்துக்கு ஸ்பெயினில் பிளாதனோ, கொலம்பியாவில் பனானோ, வெனிசுவேலாவில் கம்பூர், ஈக்வடாரில் கினேயோ. மோட்டார் காரும் ஸ்பெயினில் கொச்சே, கொலம்பியாவில் கார்ரோ, அர்ஜென்டினாவில் அவுதோ. வாசகர் எந்த நாட்டவர் என்று தெரிந்தால் அந்த நாட்டுச் சொல்லைப் போடுங்கள். தெரியாவிட்டால் எல்லாருக்கும் புரியும் சொல். வாழைப்பழத்துக்கு நான் பனானா என்று எழுதுகிறேன். தார், சீப்பு இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘பன்ச்’ என்றே எழுதிவிடுகிறார்கள். ஸ்பானிஷில் தார் ராசீமோ, சீப்பு மானோ. மானோ என்றால் கை. நமக்குச் சீப்பாகத் தெரிந்தது அவர்களுக்குக் கையாகத் தெரிந்திருக்கிறது. பூங்கொத்துக்கு ராமோ, சாவிக்கொத்துக்கு மனோஹோ.

சில சொற்களை மொழிபெயர்க்கவே கூடாது. கும்பகோணம் டிகிரி காப்பியில் உள்ள டிகிரிக்கு அகராதி கிராதோ என்றும் தீதுலோ என்றும் தரும், முதலாவது வெப்ப அளவு, இரண்டாவது பட்டம். இரண்டும் குடிக்கிறவருக்கு எதையும் சொல்லாது. பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் சிக்கரி கலந்த வடிகட்டிய காப்பி, கெட்டிப் பால் என்று விளக்குவதே மரியாதை. தஞ்சைப் பெரிய கோயிலில் கோபுரம், விமானம் இரண்டையும் ஆங்கிலத்தில் ‘டவர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் சிறப்பே வாசல் கோபுரங்களைவிட உயர்ந்து நிற்கும் விமானம்தான். இரண்டுக்கும் தோர்ரே என்று போட்டால் அந்தச் சிறப்பே காணாமல் போகும். பெயர்களை வைத்து, ஒன்று நுழைவாயிலின் மேல் உள்ளது, மற்றது கருவறையின் மேல் உள்ளது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஒரு முழு எடுத்துக்காட்டு

சுவாமிமலை ஸ்தபதி ஒருவரின் பட்டறைக்காகச் சிலையோடு வைக்கும் அட்டை ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஆங்கில அட்டையில் இருந்தவை: சாலிட் பிரான்ஸ், காஸ்ட், லாஸ்ட் வாக்ஸ், கிளே, லைட் கிரீன் ஃபினிஷ். முதலில் ஸ்தபதியிடமே கேட்டேன். “உள்ளே பொள்ளல் இல்லைங்க, முழுசும் உலோகம்” என்றார். அப்படியானால் சாலிட் என்பது சோலிதோ அல்ல, மசீசோ. காஸ்ட் என்றால் வார்த்தது, ஆகவே ஃபுந்தீதோ. அகராதியில் அதே சொல்லுக்கு நடிகர் குழுவுக்கான ரெபார்தோவும் மாவுக்கட்டுக்கான யேசோவும், வலை வீசும் லன்சாரும் வரிசையில் நின்றன. எதுவும் இந்தப் பட்டறைக்கு உரியதல்ல. மெழுகை உருக்கி வெளியேற்றும் முறைக்கு ஸ்பானிஷ் சிற்பிகள் செரா பெர்தீதா என்கிறார்கள், சொல்லுக்குச் சொல் அதேதான். கிளே என்றதும் அர்சீயா என்று கை போனது, களிமண். ஸ்தபதி திருத்தினார்: மெழுகின் மேல் முதலில் பூசுவது களிமண் இல்லை, காவிரி வண்டல். வண்டலுக்கு லீமோ. லைட் என்பது இங்கே எடையைச் சொல்லவில்லை, நிறத்தைச் சொல்கிறது. எடை என்றால் லிகேரோ, நிறம் என்பதால் கிளாரோ. ஃபினிஷ் என்பது முடிவு அல்ல, மெருகு, அகபாதோ.

அட்டை இப்படி அச்சாகியது: “ப்ரோன்சே மசீசோ, ஃபுந்தீதோ அ லா செரா பெர்தீதா கோன் லீமோ தெல் ரியோ காவேரி. அகபாதோ வெர்தே கிளாரோ.” தமிழில் திருப்பி ஸ்தபதிக்குப் படித்துக் காட்டினேன்: “பொள்ளல் இல்லாத வெண்கலம், காவிரி வண்டல் பூசி மெழுகு உருக்கி வார்த்தது. மெருகு, இளம்பச்சை.” அவர் சிலையை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி, அதேதான்” என்றார்.